பதில்: இலியட்ல அக்கிலீஸ் சாவும் மரக்குதிரையும் காணோமே, பக்கம் கிழிஞ்ச புக்கா?

பக்கம் எதுவும் கிழியல, ட்ராய் போரைப் பத்தி ஹோமர் பாடின கிரேக்கக் காவியமான இலியட், ட்ராய் இளவரசன் ஹெக்டரோட ஈமச்சடங்கோட முடிஞ்சிடும். கிரேக்க வீரன் அக்கிலீஸ் சாவும், ட்ராயை ஏமாத்திப் பிடிச்ச குதிரையும் அதுக்கப்புறம் நடக்குறது.

நீங்க "தி சாங் ஆஃப் அக்கிலீஸ்" முடிச்ச கையோட இதை எடுத்திருக்கீங்க, குழப்பம் அங்கதான். மேட்லின் மில்லர் அந்த நாவல்ல (2011) அக்கிலீஸோட சின்ன வயசுலேர்ந்து சாவு தாண்டி வரைக்கும் சொல்றாங்க, ஹோமர் எடுத்துக்கிட்டதோ பத்தாவது வருஷப் போர்ல சில வாரம் மட்டும். ஸ்கைரோஸ் தீவுல பொண்ணு வேஷம் போட்டு ஒளிஞ்சிருக்குறதெல்லாம் இலியட்ல வராது, அதை விரிவா எழுதினது ரோமக் கவிஞர் ஸ்டேஷியஸ், பல நூற்றாண்டு கழிச்சு.

சந்தேகமா இருந்தா மொத்தம் 24 காண்டம் இருக்கான்னு எண்ணிப் பாருங்க. அப்புறம் 22-ஐ எடுங்க, ஹெக்டர் உயிர் போற நேரத்துல தம்பி பாரிஸும் அப்பல்லோ தெய்வமும் உன்னை ட்ராய் கோட்டை வாசல்ல வச்சுக் கொல்லுவாங்கன்னு அக்கிலீஸ்கிட்டயே சொல்லிட்டுத்தான் சாவான். 23-ல அக்கிலீஸோட உயிர் நண்பன் பேட்ரோக்ளஸோட ஆவி வந்து நம்ம ரெண்டு பேர் எலும்பையும் ஒண்ணா வைன்னு கேக்கும், நாவலோட கடைசிப் பக்கங்கள் ஞாபகம் வரும் பாருங்க, எனக்கு மூலத்துலயே ரொம்பப் பிடிச்ச இடம் அது.

குதிரை வேணும்னா ஹோமரோட இன்னொரு காவியமான ஒடிஸில 8-ம் காண்டம், அக்கிலீஸோட இறுதிச் சடங்கு ஒடிஸி 24.

ஒண்ணு மட்டும், பசங்களுக்கான சுருக்கப் பதிப்புகள் சிலதுல குதிரையையும் சேர்த்தே போட்டிருப்பாங்க, அதை வச்சு முழு மொழிபெயர்ப்பைச் சரிபார்க்காதீங்க.