கடன் அவருடையது, ரீஃபண்ட் என்னுடையது

கேள்வி: அண்ணா, நாங்கள் அமெரிக்காவில் நியூ ஜெர்சியில் இருக்கிறோம். எனக்கு முதல் கல்யாணம், அவருக்கு இரண்டாவது. முதல் திருமணத்தில் பிறந்த பிள்ளைக்கு ஓஹையோவில் அவர் கட்டவேண்டிய சைல்டு சப்போர்ட் (பிள்ளை பராமரிப்புப் பணம்) பாக்கி நிற்கிறதாம், என்னிடம் சொல்லவே இல்லை. இந்த வருடம் இருவரும் சேர்ந்து வரி தாக்கல் செய்தோம், கூடுதலாகப் பிடித்த வரி 4,000 டாலர் ரீஃபண்டாகத் திரும்பி வரவேண்டியது, ஒரு காசு வரவில்லை, அந்தப் பாக்கிக்குக் கழித்துக்கொண்டோம் என்று கடிதம்தான் வந்தது. இருவருக்கும் ஏறக்குறைய ஒரே சம்பளம். ஆனால் என் சம்பளத்தில் வரியாக 7,000 பிடித்திருக்கிறார்கள், அவருடையதில் 3,000தான். என் பணம் போனது போனதுதானா? தெரிந்தவர் ஒருவர் ‘இன்னசென்ட் ஸ்பவுஸ்’ போடு என்கிறார்.

பதில்: போகவில்லை சகோதரி, கேட்டு வாங்கலாம். ஆனால் தெரிந்தவர் சொன்னதைப் போடாதீர்கள். இன்னசென்ட் ஸ்பவுஸ் என்பது கூட்டு ரிட்டர்னில் (இருவரும் சேர்ந்து தரும் வரிக்கணக்கில்) கணவன் வருமானத்தை மறைத்தோ பொய்க்கணக்கு காட்டியோ, அதனால் வரும் வரி மனைவி தலையில் விழும்போது கேட்கும் விடுதலை, அதற்குப் படிவம் 8857. உங்களுடையது ‘இஞ்ஜர்டு ஸ்பவுஸ்’, அதாவது துணையின் கடனுக்காகத் தன் பங்கு ரீஃபண்டை இழந்தவர் அதைத் திரும்பக் கேட்பது, அதற்குப் படிவம் 8379. பெயர் கிட்டத்தட்ட ஒன்று என்பதால் பலரும் மாற்றிப் போட்டு மாதக்கணக்கில் காத்திருக்கிறார்கள்.

நடந்தது இதுதான். சைல்டு சப்போர்ட், அரசுக் கல்விக் கடன், மாநில வருமான வரி மாதிரியான பாக்கி இருந்தால் அமெரிக்கக் கருவூலத்துறை ரீஃபண்டிலேயே கழித்துக்கொள்ளும். கூட்டாகத் தாக்கல் செய்தால் ரீஃபண்ட் ஒரே தொகை, அதில் யார் பணம் எவ்வளவு என்று அந்தத் துறை பார்க்காது. நீங்கள் சொன்னால்தான் பிரிப்பார்கள்.

பாதிதானே கிடைக்கும் என்று நினைக்க வேண்டாம். இருவரும் தனித்தனியே தாக்கல் செய்திருந்தால் ஆளுக்கு எவ்வளவு வரி வந்திருக்குமோ அந்த விகிதத்தில்தான் கூட்டு வரியை ஐ.ஆர்.எஸ். (அமெரிக்க வரித்துறை) பிரிக்கும். உங்கள் இருவருக்கும் பிடித்தது 10,000, ரீஃபண்ட் 4,000 என்றால் உண்மையான வரி 6,000. சம்பளம் சமம் என்பதால் ஆளுக்கு 3,000. அவர் 3,000 கட்டிவிட்டார், கணக்கு தீர்ந்தது. நீங்கள் கட்டியது 7,000, ஆகவே மிச்சம் 4,000மும் உங்களுடையதாகத்தான் வரவேண்டும்! குழந்தைக்கான சலுகைகள் ஏதாவது இருந்தால் கணக்கு கொஞ்சம் மாறும், கடைசித் தொகையை அவர்கள்தான் முடிவு செய்வார்கள்.

ரிட்டர்ன் ஏற்கெனவே போய்விட்டதால் படிவத்தைத் தனியாக அனுப்புங்கள். சம்பளம், பிடித்தம், கழிவுகள் எல்லாவற்றையும் மூன்று கட்டங்களில் எழுதவேண்டும்: கூட்டுத் தொகை, உங்களுடையது, அவருடையது. சோஷியல் செக்யூரிட்டி எண்கள் ரிட்டர்னில் இருந்த அதே வரிசையில் இருக்கட்டும். இருவருடைய டபிள்யூ-2 (சம்பளமும் வரிப் பிடித்தமும் காட்டி அலுவலகம் தரும் சான்று) நகலும் வேண்டும், பழைய ரிட்டர்னின் நகல் வேண்டாம். தனியாக அனுப்பும்போது கையெழுத்து உங்களுடையது மட்டும் போதும், அதற்காக அவரைக் கெஞ்ச வேண்டியதில்லை. எட்டு வாரம் ஆகும் என்று ஐ.ஆர்.எஸ். சொல்கிறது. ரிட்டர்னோடு சேர்த்து அனுப்பினால் இன்னும் அதிகம், இணையத்தில் 11 வாரம், காகிதத்தில் 14.

இன்னொன்று, திரும்பும் பணம் இருவர் பெயரிலும்தான் வரும். விவாகரத்தானவர், பிரிந்திருப்பவர் மட்டும் படிவத்தில் ஒரு கட்டத்தில் டிக் அடித்துத் தன் பெயருக்கே வாங்கலாம்.

தாக்கல் செய்யவேண்டிய கடைசித் தேதியிலிருந்து மூன்று வருடம் அவகாசம் உண்டு. ஆனாலும் இந்த வாரமே அனுப்புங்கள். கூட்டு ரிட்டர்னில் பிடித்த சைல்டு சப்போர்ட் பணத்தை மாநிலம் ஆறு மாதம் வரை பட்டுவாடா செய்யாமல் வைத்திருக்கலாம். அது அந்தத் தாயின் கைக்குப் போனபிறகு உங்களுக்குத் திருப்ப நேர்ந்தால் அங்கே இன்னொரு வீட்டில் வேறு தலைவலி. உங்களுக்கு வரும் தொகை அளவுக்கு அவர் பாக்கி மறுபடி ஏறும், அதையும் இப்போதே அவரிடம் சொல்லிவிடுங்கள். கடனை மறைத்தது தப்புதான், அதற்காக அந்தப் பிள்ளை மேல் கோபப்படாதீர்கள்.

பாக்கி தீரும்வரை ஒவ்வொரு வருடமும் புதிதாக 8379 போடவேண்டும், ஒருமுறை கொடுத்ததை அவர்கள் நினைவில் வைத்துக்கொள்ள மாட்டார்கள். அதைவிட, அலுவலகத்தில் டபிள்யூ-4ஐ (சம்பளத்தில் எவ்வளவு வரி பிடிப்பது என்பதற்கான படிவம்) மாற்றி 7,000 பிடிப்பதைக் குறைக்கச் சொல்லுங்கள். ரீஃபண்டே சின்னதாக இருந்தால் பிடுங்க என்ன இருக்கும்? தனித்தனியே தாக்கல் செய்தால் இந்தத் தொல்லையே இல்லை என்பார்கள். உண்மைதான், ஆனால் சில வரிச் சலுகைகள் போய்விடும், இரண்டு விதமாகவும் கணக்குப் போட்டுப் பாருங்கள்.

கேள்வி: டெக்சஸில் இருக்கிறோம். மனைவியின் பழைய கல்விக் கடனுக்காக ரீஃபண்டைப் பிடித்தால் எனக்கும் இதே கணக்குதானா?

பதில்: இல்லை. டெக்சஸ், கலிஃபோர்னியா, வாஷிங்டன், அரிசோனா உள்ளிட்ட ஒன்பது மாநிலங்களில் மணவாழ்வில் வரும் சம்பளம் பொதுவாக இருவருக்கும் பொதுச்சொத்து. அங்கே ஐ.ஆர்.எஸ். மாநிலச் சட்டப்படி பிரிக்கும், அதனால் உங்களுக்கு வருவது நீங்கள் எதிர்பார்ப்பதைவிடக் குறையலாம். படிவத்தில் மாநிலத்தின் பெயரைக் கேட்கும் இடத்தைக் காலியாக விடாதீர்கள்.