மோட்டார் கொட்டகையில் ஒரு சின்ன போர்டு: சீரியல் கன்சோல் கேள்வி பதில்

போர் மோட்டாரையும் வாய்க்கால் மட்டத்தையும் கவனிக்க ராஸ்பெர்ரி பை (சுருக்கமாக ‘பை’) மாதிரி ஒரு சின்ன கம்ப்யூட்டர் போர்டை வயலில் வைக்க விரும்புபவர்கள் அனுப்பிய கேள்விகள் இவை. தஞ்சாவூர்ப் பக்கம் நான் செய்துவருவதும் இதே வேலைதான். ஒரே மாதிரி வந்த கேள்விகளைச் சேர்த்துவிட்டேன். சீரியல் கன்சோல் என்பது, போர்டு எழும்போது எழுதும் வரிகளை மூன்று ஒயர் வழியாக லேப்டாப்பில் பார்த்து, அங்கிருந்தே கட்டளையும் கொடுக்கும் வழி.

நீடாமங்கலம்: அண்ணா, பை 4 வாங்கிட்டேன். ஜூன் 12 மேட்டூர் திறந்தா குறுவை வேலை ஆரம்பிச்சிடும், அதுக்குள்ள கொட்டகையில மாட்டணும். வைஃபை வழியா எஸ்எஸ்எச் போட்டுக்கலாமே, சீரியல் எதுக்கு?

எல்லாம் நல்லபடியாக இருக்கும்வரை எஸ்எஸ்எச், அதாவது நெட்வொர்க் வழியாக போர்டுக்குள் நுழைந்து கட்டளை கொடுப்பது, போதும் தம்பி. ஆனால் எஸ்எஸ்எச் பதில் சொல்ல வேண்டுமென்றால் மெமரி கார்டு படிக்கப்பட்டு, கர்னல் (ஓஎஸ்ஸின் மையப் பகுதி) எழுந்து, வைஃபை சேர்ந்து முடிந்திருக்க வேண்டும். நடுவில் எங்கே நின்றாலும் உனக்குத் தெரிவது ‘இணைப்பு இல்லை’ என்ற ஒன்றுதான். சீரியல் கன்சோல் கர்னலின் முதல் வரியிலிருந்தே பேசும். எந்த வரியில் நின்றது என்று கண்ணால் பார்க்கலாம். மானிட்டரைத் தூக்கிக்கொண்டு வரப்பில் நடக்க முடியாது, மூன்று ஒயர் சட்டைப் பையில் அடங்கும். பெட்டியை மூடுவதற்கு முன்னால் சீரியலை இழுத்து வைக்காத போர்டை நான் யாருக்கும் மாட்டிக் கொடுப்பதில்லை.

கும்பகோணம், டிப்ளமோ மாணவி: எந்த கேபிள் வாங்கணும் சார்? எந்த ஊசியில எது?

‘யூஎஸ்பி டு டிடிஎல்’ என்று கேளுங்கள். உள்ளே சிபி2102, சிஎச்340, எஃப்டி232 என்று ஏதாவது ஒரு சிப் இருக்கும். பை 4-க்கு மூன்றும் சரி. முக்கியமானது மின்னழுத்தம். பையின் ஊசிகள் 3.3 வோல்ட்டுக்கானவை. சில கேபிள்களில் 3.3, 5 என்று மாற்றும் ஜம்பர் இருக்கும், அதை 3.3-இல் வைத்த பிறகே போர்டைத் தொடுங்கள். 5 வோல்ட் சிக்னல் ஊசியில் ஏறினால் சிப் போய்விடும், சரிசெய்ய வழியில்லை.

இப்போது ஊசி. பை 4-இல் 40 ஊசிகள் இரண்டு வரிசையாக நிற்கும். போர்டின் ஓரத்தை ஒட்டிய வரிசையை, மெமரி கார்டு செருகும் முனையிலிருந்து எண்ணுங்கள். முதல் இரண்டும் 5 வோல்ட், அவற்றைத் தொடவே வேண்டாம். மூன்றாவது கிரவுண்ட். நான்காவது டிஎக்ஸ், அதாவது போர்டு பேசும் ஊசி. ஐந்தாவது ஆர்எக்ஸ், போர்டு கேட்கும் ஊசி. போர்டின் ஊசிப் படங்களில் இவை 6, 8, 10 என்று இருக்கும். கேபிளின் கிரவுண்ட் 6-இல், கேபிளின் ஆர்எக்ஸ் 8-இல், கேபிளின் டிஎக்ஸ் 10-இல். ஒருவர் வாய் மற்றவர் காதுக்கு நேராக இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

கேபிளில் சிவப்பு ஒயர் இருந்தால் அதன் முனையில் டேப் சுற்றி ஒதுக்கிவிடுங்கள். அது லேப்டாப்பின் 5 வோல்ட். போர்டுக்குத் தனி அடாப்டர் இருக்கும்போது இரண்டு சப்ளையை ஒன்றோடொன்று மோதவிடக் கூடாது. நிறத்தை மட்டும் நம்பவும் வேண்டாம், தயாரிப்புக்குத் தயாரிப்பு மாறும். கேபிள் மேல் சந்தேகம் வந்தால் போர்டிலிருந்து கழற்றி, அதன் டிஎக்ஸையும் ஆர்எக்ஸையும் ஒன்றாகச் சேர்த்துவிட்டுத் தட்டச்சு செய்யுங்கள். அடித்த எழுத்து திரையில் திரும்பி வந்தால் கேபிள் நல்ல கேபிள்.

பாபநாசம்: பழைய கம்ப்யூட்டரின் பின்பக்கம் ஒன்பது ஊசி சீரியல் போர்ட் இருக்கிறது. அதை நேரே கொடுக்கலாமா?

கூடவே கூடாது ஐயா. அது ஆர்எஸ்-232. அதில் பிளஸ், மைனஸ் இரண்டு பக்கமும் மின்னழுத்தம் வரும், 15 வோல்ட் வரைக்கும் போகலாம். நடுவில் மேக்ஸ்3232 சிப் உள்ள சின்ன மாட்யூல் வைத்து, அதற்கு 3.3 வோல்ட் கொடுத்தால் அந்தப் பழைய போர்ட்டும் நன்றாகவே உதவும்.

மன்னார்குடி: ஒயர் எல்லாம் சரியா இருக்கு, திரையில ஒண்ணுமே வரல.

பை 4-இல் சீரியல் முதலில் அணைந்துதான் இருக்கும். கார்டை லேப்டாப்பில் செருகி, பூட் பகுதியில் உள்ள கான்ஃபிக் கோப்பின் கடைசியில் ஒரு வரி சேருங்கள்: எனேபிள், அடிக்கோடு, யூஆர்ட், சமக்குறி, 1 (enable_uart=1). எல்லாம் ஆங்கிலச் சின்ன எழுத்து, நடுவில் இடைவெளி கிடையாது. லேப்டாப் பக்கம் வேகம் 115200, எட்டு பிட், பாரிட்டி இல்லை, ஒரு ஸ்டாப் பிட். விண்டோஸ் என்றால் டிவைஸ் மேனேஜரில் காம் எண்ணைப் பார்த்து, சீரியல் வரிகளைக் காட்டும் புட்டி என்ற மென்பொருளில் கொடுங்கள். லினக்ஸில் அனுமதி இல்லை என்று வந்தால் உங்கள் பயனர் பெயரை டயல்அவுட் குழுவில் சேர்த்து, வெளியேறி மறுபடி உள்ளே வாருங்கள்.

அதே ஊர், வேறொருவர்: என்னுடையது பை இல்லை, ராக்சிப் கம்பெனி சிப் உள்ள போர்டு. கட்டம் கட்டமாகப் புரியாத எழுத்து வருகிறது.

வேகம் பொருந்தவில்லை. ராக்சிப் போர்டுகள் பல 1500000-இல் பேசும். பழைய சிபி2102 அந்த வேகத்துக்கு வராது, எஃப்டி232 வரும்.

திருவாரூர்: வரிகள் ஓடுகின்றன, ஆனால் நான் அடிப்பது போகவில்லை.

முதலில் புட்டியில் ஃப்ளோ கன்ட்ரோலை ‘நன்’ (None, அதாவது எதுவும் வேண்டாம்) என்று வையுங்கள். பெரும்பாலும் அதுவே காரணம். அப்புறம் 10-ஆம் ஊசி ஒயர். எழுத்து போய், கடவுச்சொல்லைத்தான் ஏற்கவில்லை என்றால் விஷயம் வேறு: 2022 ஏப்ரலுக்குப் பிறகு வந்த ராஸ்பெர்ரி பை ஓஎஸ்ஸில் ‘பை’ என்ற பழைய பயனர் கிடையாது. கார்டில் ஓஎஸ்ஸை எழுதும்போதே, அதை எழுதும் இமேஜர் மென்பொருளில் உங்கள் பெயரும் கடவுச்சொல்லும் கொடுத்திருக்க வேண்டும்.

பேராவூரணி, தென்னந்தோப்பு: மோட்டார் ஓடத் தொடங்கினாலே போர்டு ரீஸ்டார்ட் ஆகிறது. சில நாள் எழுவதே இல்லை. போர்டை மாற்றச் சொல்கிறார்கள்.

பணத்தைச் செலவழிக்கும் முன் கன்சோலை மாட்டி, புட்டியில் லாகிங்கை (வரிகளைக் கோப்பில் சேமிப்பது) இயக்கி, மோட்டாரைப் போடுங்கள். எப்படி விழுகிறது என்பதிலேயே பதில் இருக்கிறது. ‘அண்டர்-வோல்டேஜ் டிடெக்டட்’ என்று வந்தால், போர்டுக்கு வரும் 5 வோல்ட் ஏறக்குறைய 4.63-க்குக் கீழே இறங்கியது என்று பொருள். ஒரு எச்சரிக்கையும் இல்லாமல், பாதி வரியில் அறுந்து மறுபடி முதல் வரி ஓடினால் சப்ளையே ஒரு கணம் போய்வந்திருக்கிறது. ‘எம்எம்சி0’ என்று தொடங்கும் பிழை வரிகளோ, ரூட் (ஓஎஸ் இருக்கும் பகுதி) கிடைக்கவில்லை என்று கர்னல் பேனிக்கோ (கர்னல் மேலே போக முடியாமல் நிற்பது) வந்தால் கார்டைச் சந்தேகிக்க வேண்டும். இந்த மூன்றில் எதுவும் புது போர்டு வாங்குவதால் தீராது.

நேராக ஸ்டார்ட்டரில் எழும் மோட்டார், ஓடும்போது இழுப்பதைவிட ஐந்தாறு மடங்கு கரண்ட் இழுக்கும். ஏற்கெனவே வோல்டேஜ் குறைவாக வரும் லைனில் அந்த நொடி அடாப்டர் தடுமாறும். மெல்லிய யூஎஸ்பி ஒயர் மீதியையும் தின்றுவிடும். சின்ன 12 வோல்ட் பேட்டரி, அதிலிருந்து 5.1 வோல்ட், 3 ஆம்பியர் தரும் பக் கன்வெர்ட்டர் (வோல்டேஜைக் குறைத்துத் தரும் மாட்யூல்), தடித்த குட்டை ஒயர் போடுங்கள். சென்சார் ஒயரை மோட்டார் ஒயரோடு சேர்த்துக் கட்டாதீர்கள். கரண்ட் அடிக்கடி போகும் இடத்தில் கார்டையும் காப்பாற்ற வேண்டும்: ராஸ்பி-கான்ஃபிக் என்ற அமைப்புக் கருவியில் ஓவர்லே ஃபைல் சிஸ்டத்தை இயக்கினால் கார்டில் எழுதுவது நின்றுவிடும். சென்சார் பதிவுகளை வேறு இடத்துக்கு அனுப்பிக்கொள்ளுங்கள்.

ஒரு பாதுகாப்பு வார்த்தை. கொட்டகையில் கன்சோல் பார்க்கும்போது லேப்டாப்பை சார்ஜரில் போடாமல் பேட்டரியில் ஓட்டுங்கள். எர்த் சரியில்லாத லைனில் லேப்டாப்பின் கிரவுண்டும் போர்டின் கிரவுண்டும் வேறு வேறு மட்டத்தில் இருக்கும், நடுவில் மாட்டுவது உங்கள் கேபிள். ஓடிஜி ஒயர் போட்டு ஆண்ட்ராய்டு போனிலேயே சீரியல் ஆப் வைத்துப் பார்ப்பது இன்னும் வசதி.

பட்டுக்கோட்டை: பை 5-க்கும் இதே ஊசியா?

இல்லை. இரண்டு எச்டிஎம்ஐ துளைகளுக்கு நடுவில் மூன்று ஊசி உள்ள குட்டி சாக்கெட் தனியாக இருக்கிறது. அதற்கேற்ற கேபிள் வாங்கிக்கொள்ளுங்கள்.

வேதாரண்யம்: உப்பளம் பக்கத்தில் வைக்கிறோம். கேபிளைப் போர்டிலேயே நிரந்தரமாக விட்டுவைக்கலாமா?

வேண்டாம். உப்புக் காற்றில் ஜம்பர் ஒயரின் முனை பச்சை பிடித்துவிடும். போர்டை அணைத்த பிறகும் கேபிள் மாட்டியே இருந்தால் சிக்னல் ஊசி வழியாகக் கொஞ்சம் கரண்ட் கசிந்து, போர்டு முழுதாக அணையாமல், மறுபடி போடும்போது சரியாக எழாமல் போகலாம். மூன்று ஒயரையும் போர்டில் பற்றவைத்து, பெட்டியின் அடிப்பக்கம் மூடி உள்ள சாக்கெட்டில் கொண்டுவந்து விடுங்கள். சாக்கெட் பக்கத்தில் வேகத்தையும் எந்த ஊசி எது என்பதையும் அழியாத மையில் எழுதிவையுங்கள். ஒயர் நுழையும் துளைகளை கேபிள் கிளாண்டு போட்டு அடைத்துவிடுங்கள், எறும்பும் பல்லியும் அந்த வழியாகத்தான் உள்ளே வரும்.