உருளியைக் கவிழ்த்துப் பாருங்கள்

கேள்வி: கொழிஞ்சாம்பாறையில் புது வீடு கட்டியிருக்கிறோம். கூடத்தில் வைக்க ஒரு பழைய வெண்கல உருளியும் ரவிவர்மா படம் ஒன்றும் வாங்க மட்டாஞ்சேரிக்குப் போகவிருக்கிறோம். அசல் பழசு எது, பழசாக்கப்பட்ட புதுசு எது என்று எப்படித் தெரிந்துகொள்வது? 1818ஆம் ஆண்டு ராமர் நாணயம் கண்ணில் பட்டால் விடாதே என்று உறவினர் ஒருவர் சொல்கிறார். அது உண்மையா?

பதில்: நாணயத்தை முதலில் முடித்துவிடுவோம். வாங்காதீர்கள். கிழக்கிந்தியக் கம்பெனி ராமர் பட்டாபிஷேகக் காசு எதையும் அடித்ததில்லை. 1616 என்று ஆண்டு போட்டுக்கூட இவை வருகின்றன. சென்னைப்பட்டணத்துக்குக் கம்பெனி இடம் வாங்கியதே 1639இல்தான். பழைய காசு மேல் ஆசை இருந்தால் சங்கு முத்திரை கொண்ட திருவிதாங்கூர்ச் சக்கரத்தைத் தேடுங்கள். இருபத்தெட்டரைச் சக்கரம் ஒரு பிரிட்டிஷ் ரூபாய் என்று நம் பக்கத்துப் பெரியவர்கள் கணக்குப் பார்த்த காசு அது. அரிசியை இழுக்கும் செம்பு, இரிடியம் கலசம் என்று யாராவது காதோரம் பேசினால் அந்த இடத்தைவிட்டு உடனே வந்துவிடுங்கள். அந்தப் பேச்சை நம்பிப் பணத்தைப் பறிகொடுத்தவர்கள் எல்லையின் இரண்டு பக்கமும் இருக்கிறார்கள்.

இனி உருளி. மட்டாஞ்சேரியில் 1568இல் கட்டிய பரதேசி யூதத் தொழுகைக்கூடம் இருக்கும் தெருவில் உருளி இல்லாத பழம்பொருள் கடை அபூர்வம். கூட்டுக் குடும்பச் சொத்துமுறையை ஒழித்த கேரளச் சட்டம் 1976 டிசம்பரில் நடைமுறைக்கு வந்தது. தறவாடு என்னும் கூட்டுக் குடும்ப வீடுகள் பாகம் பிரிந்தன. நூறு பேருக்குப் பாயசம் காய்ச்சிய பாத்திரங்கள் எந்தப் பங்காளியின் சமையலறையிலும் அடங்கவில்லை. கதவும் தூணும் நெல் அளக்கும் பறையும் அப்படித்தான் கடைக்கு வந்தன. ஆகவே அசல் உருளி கிடைக்காத பொருள் அல்ல. அவசரப்படாதீர்கள்.

கடைக்காரர் உள்பக்கத்தின் மினுக்கத்தைக் காட்டுவார். நீங்கள் கவிழ்த்துக் காட்டச் சொல்லுங்கள். விறகடுப்பில் பல வருடம் இருந்த உருளியின் அடிக்கரி உலோகத்தோடு ஒன்றிப்போயிருக்கும். ஈரத்துணியால் துடைத்தால் லேசாகத்தான் வரும். பூசிய கரி கொத்தாகக் கையோடு வந்துவிடும். பச்சைக் களிம்பும் அப்படித்தான். நகத்தால் சுரண்டியதும் மாவாக உதிர்ந்தால் அது அமிலத்தின் வேலை. அடுத்து உள்ளே விரலை ஓட்டுங்கள். சட்டுவம் உரசிய இடம் மட்டும் வழவழவென்று தேய்ந்து, விளிம்போரம் பழைய சொரசொரப்பு மிஞ்சியிருக்க வேண்டும். எல்லா இடமும் ஒரே சீராகத் தேய்ந்திருந்தால் எனக்குச் சந்தேகம் வரும். கை அப்படித் தேய்ப்பதில்லை.

விளிம்பின் கீழே பெயர் வெட்டியிருக்கிறதா என்றும் பாருங்கள். என்னிடம் உள்ள உருளியில் காதுக்குப் பக்கத்தில் உளியால் புள்ளி புள்ளியாகக் குத்திய மூன்று தமிழ் எழுத்துகள் இருக்கின்றன. நடு எழுத்தின் புள்ளிகள் தேய்ந்து பாதி மறைந்துவிட்டன. கல்யாணத்துக்கு இரவல் போன பாத்திரம் மாறாமல் திரும்பி வரவேண்டும் என்று எந்த வீட்டாரோ வெட்டியது. அந்தத் தேய்மானத்தை ஒரு நாளில் உண்டாக்க முடியாது.

விரல் முட்டியால் தட்டினால் நல்ல வெண்கலம் நீளமாக நாதம் தரும். பொத்தென்று அடங்கினால் கீறலோ ஒட்டோ இருக்கும். சின்னக் காந்தம் ஒன்றைப் பையில் வைத்துக்கொள்ளுங்கள். அது ஒட்டினால் உள்ளே இரும்பு. விலை பேசும் முன் எடை போடச் சொல்லுங்கள். வெண்கலப் பாத்திரத்துக்குப் பேர்போன கேரளத்து மான்னாரில் புது வெண்கலம் கிலோ என்ன விலை என்று முன்பே விசாரித்திருந்தால், பழமைக்கு எவ்வளவு கூடுதலாகக் கேட்கிறார் என்பது அங்கேயே தெரிந்துவிடும்.

ரவிவர்மா படத்துக்கு ஒரு பூதக்கண்ணாடி போதும். அவருடைய அச்சகம் 1894இல் மும்பையில் தொடங்கியது. படங்களைக் கல்லச்சில் நிறம் நிறமாக ஏற்றினார்கள். கண்ணாடியில் நிறப் புள்ளிகள் ஒழுங்கில்லாமல் மணல் தூவியதுபோலத் தெரியும். வரிசை பிசகாத புள்ளிகள் தெரிந்தால் அது இக்கால ஆஃப்செட் அச்சு. தாளின் மஞ்சளை நம்பாதீர்கள், தேநீரே அதைச் செய்துவிடும்.

யானைத் தந்தத்தைத் தொடவே வேண்டாம், அதன் வியாபாரம் சட்டப்படி குற்றம். நூறாண்டு கடந்த சிலையானால் 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டப்படி பதிவுச் சான்று கேளுங்கள். கோயில் பொருளோ என்று ஒரு நொடி தோன்றினாலும் விட்டுவிடுங்கள். எதை வாங்கினாலும் என்ன உலோகம், எவ்வளவு எடை என்று எழுதிய ரசீது வேண்டும்.

உருளியில் சமைக்கும் எண்ணம் இருந்தால் ஒட்டுப் போட்டதை வாங்காதீர்கள். பழைய பற்றவைப்பில் காரீயம் இருக்கக்கூடும். பூ மிதக்கவிட மட்டும் என்றால் ஒட்டுப் போட்டதையே விலை குறைத்துக் கேளுங்கள், கடையிலேயே தண்ணீர் நிரப்பிக் கால் மணி நேரம் கசிகிறதா என்று பார்த்த பிறகு.