கீழே ஒரு சொட்டும் இல்லை, கூலன்ட் மட்டும் குறைகிறது: ஹெட்டை இறக்கலாமா?

14 ஆண்டு பழைய பெட்ரோல் கார். பெங்களூரில் அல்சூரிலிருந்து ஒயிட்ஃபீல்டுக்குத் தினமும் போய் வருகிறது. பத்து நாளைக்கு அரை லிட்டர் வீதம் கூலன்ட் (என்ஜினைக் குளிர்விக்கும் திரவம்) குறைகிறது. நிறுத்தும் இடத்தில் ஈரமே இல்லை. டெம்பரேச்சர் முள் நடுவை விட்டு நகர்வதில்லை. காலையில் சைலன்சரில் வெள்ளைப் புகை வருகிறது. ஹெட் கேஸ்கெட் (என்ஜினின் மேல்பாகமான ஹெட்டுக்கும் அடியிலுள்ள பிளாக்குக்கும் இடையிலுள்ள அடைப்புத் தகடு) போய்விட்டது, ஹெட்டைக் கழற்றி இறக்கியே ஆக வேண்டும் என்கிறார் மெக்கானிக். ஒப்புக்கொள்ளலாமா என்பது உங்கள் கேள்வி.

இன்றைக்கு ஒப்புக்கொள்ள வேண்டாம் என்பதே என் பதில். நான் மெக்கானிக் அல்லன், கணக்கு எழுதிப் பிழைப்பவன். ஆனால் 2006-இல் வாங்கிய என் சிறிய பெட்ரோல் கார், பதினைந்து ஆண்டு முடிந்து ஆர்.சி.யைப் புதுப்பித்த அடுத்த குளிர்காலத்தில், நீங்கள் சொல்லும் இதே அறிகுறிகளோடு என்னை நான்கு மாதம் அலையவிட்டது. எனக்கும் இதே தீர்ப்புதான் வந்தது, 18,000 ரூபாய் மதிப்பீட்டோடு. கடைசியில் கேஸ்கெட்டில் எந்தக் குறையும் இருக்கவில்லை.

முதலில் அந்த வெள்ளைப் புகை. பெட்ரோல் எரியும்போது அதிலுள்ள ஹைட்ரஜன் காற்றின் ஆக்சிஜனோடு சேர்ந்து தண்ணீராகிறது. ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறத்தாழ ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாகச் சைலன்சர் வழியே போகிறது. பத்து நாளில் நீங்கள் 25 லிட்டர் பெட்ரோல் போடுகிறீர்கள் என்று வைத்துக்கொண்டால், 25 லிட்டர் தண்ணீர் எப்படியும் அந்தக் குழாய் வழியாகத்தான் வெளியேறுகிறது. கேஸ்கெட் வழியாக அரை லிட்டர் கூலன்ட் அதில் கலந்தாலும் அதைக் கண்ணால் பிரித்துப் பார்க்க முடியாது. கலக்காவிட்டாலும் டிசம்பர், ஜனவரி காலைகளில் பெங்களூரில் எல்லா வண்டிக்கும் புகை வெளுத்துத்தான் தெரியும். என்ஜின் நன்றாகச் சூடேறி அரை மணி நேரம் ஓடிய பிறகும் புகை அடர்த்தியாக, சற்றே இனித்த வாடையோடு வந்தால்தான் அது பேச்சுக்குரிய சாட்சி. ஆயில் மூடியின் அடியில் வெண்ணெய் போல ஒட்டியிருக்கும் படலமும் அப்படித்தான். தினமும் இரண்டு மூன்று கிலோமீட்டர் மட்டும் ஓடும் வண்டியில் அது வெறும் ஈரத்தாலும் உண்டாகும். ஆயில் அளவு பார்க்கும் டிப் ஸ்டிக்கிலும் ஆயில் பால் கலந்த காபி நிறத்தில் இருந்தால் மட்டும் கவலைப்படுங்கள்.

அடுத்து, குறைவதைச் சரியாக அளந்திருக்கிறீர்களா என்று பார்க்க வேண்டும். சிறிய காரில் மொத்தம் 4 லிட்டர் அளவுக்குக் கூலன்ட் இருக்கும். குளிர்ந்த நிலைக்கும் ஓடும் சூட்டுக்கும் இடையே அது ஏறக்குறைய 150 மில்லி விரிந்து, ரேடியேட்டர் மூடி வழியாகப் பக்கத்திலுள்ள பிளாஸ்டிக் பாட்டிலுக்குப் போய், ஆறியபின் திரும்பும். ஒரு நாள் மாலையில் சூடாகவும் அடுத்த நாள் காலையில் ஆறிய பிறகும் பார்த்தால் கசிவே இல்லாத வண்டியிலும் கூலன்ட் குறைந்ததுபோல் தெரியும். ஆகவே பாட்டிலில் ஒரு துண்டு மின்கம்பி டேப்பை ஒட்டி, ஒரு வாரம் தினமும் காலையில் வண்டியை எடுப்பதற்கு முன், அதே இடத்தில் நிற்கும்போது பார்த்து, கிலோமீட்டரையும் சேர்த்துக் குறித்துவையுங்கள். பாட்டிலோடு ரேடியேட்டர் மூடியையும், என்ஜின் முற்றிலும் ஆறியிருக்கும் அந்தக் காலை நேரத்தில் மட்டும், திறந்து பாருங்கள். பாட்டிலில் அளவு மாறாமல் இருக்கும்போதே ரேடியேட்டரின் கழுத்தில் கூலன்ட் இறங்கியிருந்தால், வெளியே போனது திரும்பி வரவில்லை என்று பொருள். மூடியிலோ, மூடிக்கும் பாட்டிலுக்கும் இடையிலுள்ள மெல்லிய குழாயிலோ கோளாறு இருக்கலாம்.

மூடி என்று அலட்சியமாகச் சொல்கிறோம், அது ஒரு வால்வு. பல சிறிய கார்களில் அதன் தலையில் 0.9 அல்லது 1.1 என்று எழுதியிருக்கும். அத்தனை பார் (அழுத்தத்தின் அலகு) வரை அது திறக்கக் கூடாது. பெங்களூர் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 920 மீட்டர் உயரத்தில் இருப்பதால், திறந்த பாத்திரத்தில் தண்ணீர் இங்கே 97 டிகிரியிலேயே கொதித்துவிடும். 0.9 மூடி இறுக்கிப் பிடித்தால் அது 117 டிகிரி வரை தாங்கும். கூலன்ட் சேர்ந்த கலவை இன்னும் சில டிகிரி கூடுதலாகத் தாங்கும். மூடியின் ஸ்பிரிங் தளர்ந்து பாதி அழுத்தத்திலேயே திறந்துவிட்டால் தண்ணீரின் எல்லை 108-க்கு இறங்கிவிடும், போக்குவரத்து நெரிசலில் நாற்பது நிமிடம் நின்றால் பாட்டில் பொங்கி வழியும், ஓடும்போது அது காய்ந்தும் போகும், வீட்டுக்கு வந்து பார்த்தால் கீழே ஈரம் இருக்காது. பாட்டிலின் வெளிப்புறத்தில் வழிந்து காய்ந்த தடம் இருக்கிறதா என்று பாருங்கள். பழைய வண்டியில் ஆராய்ச்சியைத் தொடங்கும் முன் அதே எண் எழுதிய புதிய மூடி ஒன்றைப் போட்டுவிடுவது என் வழக்கம். பெங்களூரின் உதிரிபாகக் கடைத்தெருவான ஜே.சி. ரோட்டில் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும். அதைவிடக் கூடுதலான எண் எழுதிய மூடியைப் போட்டால் முதுமையடைந்த ஹோஸ்கள்தான் (ரப்பர் குழாய்கள்) வெடிக்கும்.

என் வண்டியில் மூடியை மாற்றியும் கூலன்ட் குறைந்துகொண்டே இருந்தது. முதலில் காட்டிய பணிமனையில் ரேடியேட்டர் கழுத்தில் கைப் பம்பு ஒன்றைப் பொருத்தி அழுத்தம் ஏற்றிப் பார்த்தார்கள். மதியம் இரண்டு மணிக்கு, நான் அரை மணி நேரம் ஓட்டிக்கொண்டு போன சூட்டோடு. பம்பிலிருந்த அழுத்த முள் அசையவில்லை. வெளியே கசியவில்லை என்றால் உள்ளேதான் எரிகிறது, ஆகவே கேஸ்கெட் என்று முடித்துவிட்டார்கள். கேட்பதற்கு நியாயமாகத்தான் இருந்தது. அந்தச் சோதனை நடந்த நேரம்தான் பிழை என்பது எனக்கு அப்போது தெரியவில்லை.

அதை எனக்கு விளக்கியவர் மர்ஃபி டவுனில் இரண்டு வண்டி மட்டும் நிற்கக்கூடிய ஷெட்டில் வேலை பார்க்கும் ஒரு வயதான மெக்கானிக். நான் சொன்னதை எல்லாம் கேட்டுவிட்டுப் பானட்டைக்கூடத் திறக்காமல், "சார், வண்டி நைட்டு இங்கயே நிக்கட்டும். காலையில ஆறரைக்கு வாங்க. நீங்க வர்றவரைக்கும் நான் ஸ்டார்ட் பண்ண மாட்டேன்" என்றார். "நேத்துதானே பிரஷர் பாத்தாங்க அண்ணே" என்றேன். "சூட்டுல பாத்திருப்பாங்க. சூட்டுல ரப்பர் ஊதி அடைச்சுக்கும்" என்றார்.

அது ஜனவரி மாதம். காலையில் போனபோது பானட்டின் மேல் பனி ஈரம் இருந்தது. அவர் பம்பைப் பொருத்தி 1 பார் வரை ஏற்றிவிட்டு, டீ வாங்கிவரச் சொன்னார். டீயோடு நான் திரும்பியபோது முள் 0.7-இல் நின்றது, கீழே விரித்திருந்த செய்தித்தாளில் ஒரு பொட்டும் இல்லை. பிறகு அவர் ஏர் ஃபில்டர் பெட்டியைக் கழற்றி வைத்துவிட்டு, பல் மருத்துவர் வைத்திருப்பது போன்ற நீண்ட காம்புக் கண்ணாடியை என்ஜினுக்குப் பின்னால் நீட்டி, டார்ச் அடித்து என்னைப் பார்க்கச் சொன்னார். ஹீட்டருக்குப் போகும் ஹோஸ் இரும்புக் குழாயில் ஏறும் இடத்தில், தொழிற்சாலையில் போட்ட ஸ்பிரிங் கிளாம்புக்குக் கீழே, வெளிர்பச்சை உப்புப் படிவம் பல்லில் காரை பிடித்ததுபோல் ஒட்டியிருந்தது. அதன் நுனியில் ஒரு துளி திரண்டு, விழலாமா வேண்டாமா என்று நின்று, நேர்கீழே கியர் பாக்ஸின் மேற்புறத்துப் பள்ளத்தில் விழுந்தது. அந்தப் பள்ளத்தில் ஒரு கரண்டி அளவுக்கு ஈரம் தேங்கியிருந்தது. விளிம்பெல்லாம் பழைய படிவம். வண்டி ஓடியதும் கியர் பாக்ஸ் சூட்டில் அது காய்ந்துவிடும் என்பதால்தான் நான்கு மாதமும் தரையில் எனக்கு எதுவும் தெரியவில்லை.

பதினைந்து ஆண்டில் ரப்பர் இறுகி மரத்துப்போய்விடுகிறது. காலையில் ஸ்டார்ட் செய்த முதல் சில நிமிடங்களில் உள்ளே அழுத்தம் ஏறத் தொடங்கியிருக்கும், மூட்டு இன்னும் சூடாகி விரிந்திருக்காது; அந்த இடைவெளியில் கசிந்துவிட்டு, பிறகு தானாக அடைத்துக்கொள்ளும். ஹோஸும் கிளாம்பும் சேர்ந்து 480 ரூபாய் ஆயிற்று.

உங்கள் வண்டியிலும் அதே ஹோஸ்தான் என்று நான் சொல்லவில்லை. ஆறிய என்ஜினில் ஒரு முறை, சூட்டில் ஒரு முறை என இரண்டு அழுத்தச் சோதனை நடக்காத வரை வெளிக்கசிவு இல்லை என்று யாரும் சொல்ல முடியாது என்பதுதான் நான் சொல்ல வருவது. ஒரு விஷயத்தில் கவனம் தேவை: சூடான என்ஜினில் பம்பைப் பொருத்திவிட்டு இரவெல்லாம் விட்டால், ஆறும்போது உள்ளிருப்பது சுருங்கி முள் தானாகவே இறங்கும், அதைக் கசிவு என்று எண்ணிவிடக் கூடாது. ஆறிய பிறகுதான் அழுத்தம் ஏற்ற வேண்டும். முள் இறங்கியும் இடம் தெரியாவிட்டால், கூலன்ட்டில் கலக்கும் ஒளிரும் சாயம் கிடைக்கிறது. இரண்டு நாள் ஓட்டிவிட்டு இருட்டில் புற ஊதா விளக்கு அடித்தால் கசிந்த பாதை மஞ்சள் பச்சையாகத் தெரியும். தேட வேண்டிய இடங்கள்: ரேடியேட்டரின் அலுமினியத்தோடு பிளாஸ்டிக் தொட்டி மடித்துப் பொருத்தப்பட்ட விளிம்பு, சூட்டுக்கேற்பக் கூலன்ட் ஓட்டத்தைத் திறந்து மூடும் தெர்மோஸ்டாட்டின் கூடு, கூலன்ட்டைச் சுழலவிடும் வாட்டர் பம்பின் அடியிலுள்ள சிறு துளை. பம்பின் சீல் தேய்ந்தால் தெரிவதற்கென்றே அந்தத் துளையை வைத்திருக்கிறார்கள். அதிலிருந்து கோடு இறங்கியிருந்தால் பம்பை மாற்ற வேண்டியதுதான். முன்பிருந்தவர்கள் போர்வெல் தண்ணீரை ஊற்றி ஓட்டிய வண்டியாக இருந்தால், என்ஜின் பிளாக்கில் அடித்துச் செருகியிருக்கும் வட்டத் தகட்டு மூடிகள் துருப்பிடித்துப் பின்பக்கம் கசியக்கூடும்.

காருக்கு உள்ளேயும் பாருங்கள். பெங்களூரில் ஹீட்டரை நாம் தொடுவதே இல்லை, ஆனால் பல கார்களில் அதன் சிறு ரேடியேட்டர் வழியாகக் கூலன்ட் எப்போதும் ஓடிக்கொண்டேதான் இருக்கும். இடப்பக்க முன் இருக்கையில் கால் வைக்கும் இடத்தில் கம்பளத்தைத் தூக்கி, வெள்ளைத் தாளால் அழுத்தி ஒற்றுங்கள். ஈரம் நிறமும் வாடையும் இல்லாமல் இருந்தால் அது ஏ.சி. தண்ணீர், வடிகுழாய் அடைத்திருக்கிறது. பிசுபிசுப்பாக, நிறத்தோடு, இனித்த வாடையோடு இருந்தால் கூலன்ட் அங்கேதான் போகிறது. முன் கண்ணாடியின் உட்புறம் எண்ணெய்ப் படலம்போல் மங்குவதும் இதற்குக் குறி.

இவை எல்லாம் சுத்தமாக இருந்து, அழுத்தம் மட்டும் இறங்கினால் அப்போது கேஸ்கெட்டைச் சந்தேகிக்கலாம். அதற்கும் ஹெட்டை இறக்காமலே சோதனை உண்டு. ரேடியேட்டர் கழுத்தில் ஒரு கண்ணாடிக் குழாயை வைத்து, ஓடும் என்ஜினிலிருந்து எழும் காற்றை நீலத் திரவம் ஒன்றின் வழியாக இழுப்பார்கள். எரிந்த புகையின் கரியமில வாயு கலந்திருந்தால் பெட்ரோல் வண்டியில் நீலம் மஞ்சளாகும். கூலன்ட்டே திரவத்துக்குள் ஏறிவிட்டால் முடிவு செல்லாது என்பதால், கழுத்தில் அளவைச் சற்றுக் குறைத்துவிட்டுச் செய்யச் சொல்லுங்கள். ஸ்பார்க் பிளக்குகளையும் கழற்றி வரிசையாக வைத்துப் பாருங்கள்; மூன்று பழுப்பாகவும் ஒன்று மட்டும் கழுவிவிட்டதுபோல் வெளுத்தும் இருந்தால், அந்த சிலிண்டரில் நீராவி போகிறது. இரண்டு தடவை திரவம் மஞ்சளானால் தயங்காமல் ஹெட்டை இறக்கக் கொடுங்கள். அப்போது ஹெட்டின் சமதளத்தை லேத் பட்டறையில் அளந்து பார்த்தார்களா என்று கேளுங்கள். வளைந்த ஹெட்டில் புதிய கேஸ்கெட் நிற்காது.

அதுவரை ஓட்டலாமா என்றால், தினமும் காலையில் பார்த்து நிரப்பினால் ஓட்டலாம். முள் நடுவில் இருக்கிறது என்பதை நம்பாதீர்கள். பல கார்களில் சில பத்து டிகிரி மாறினாலும் முள் நடுவிலேயே நிற்கும்படி அமைத்திருக்கிறார்கள், சென்சார் இருக்கும் இடத்தில் கூலன்ட் வற்றிவிட்டால் அது சூட்டைச் சரியாகக் காட்டவும் காட்டாது. நிரப்புவதற்கு உங்கள் வண்டிக்குரிய கூலன்ட்டையும் டிஸ்டில்ட் வாட்டரையும் பாதிக்குப் பாதி கலந்து வைத்துக்கொள்ளுங்கள். நிறத்தை மட்டும் பார்த்து வாங்காதீர்கள், ஒரே பச்சையில் வேறு வேறு வகைகள் இருக்கின்றன. கசிவை அடைக்கும் தூளும், சிலர் சொல்லும் மஞ்சள் தூளும் வேண்டாம். ஓட்டையை அடைப்பதற்கு முன் ஹீட்டரின் மெல்லிய குழாய்களை அடைத்துவிடும். நெடுஞ்சாலையில் நடுராத்திரி சிக்கிக்கொண்டால் மட்டும் அது மன்னிக்கத்தக்கது.

சோதனைக்காகக் கூலன்ட்டை இறக்கும்போது அடியில் ஒரு பேசின் வையுங்கள். கூலன்ட்டில் உள்ள எத்திலீன் கிளைக்கால் இனிப்பாக இருப்பதால் தெருநாய்கள் நக்கிவிடும், சிறிதளவே அவற்றைக் கொன்றுவிடும்.