ரத்தம் ஊறாத மஜ்ஜை: நீங்கள் கேட்டவை

கோலாலம்பூரில் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கிறேன். மருத்துவர் இல்லை, அதனால் யாருக்கும் மருந்து சொல்ல மாட்டேன். எலும்பு மஜ்ஜையில் ரத்த அணுக்கள் சரியாக உருவாகாத நோய்கள் பற்றி வந்த கேள்விகளில் பலருக்கும் பொதுவானவற்றுக்கு மட்டும் பதில்.

செந்தூல் அக்கா: அப்பாவுக்கு 72 வயது, ஹீமோகுளோபின் 8. மாதக்கணக்கில் இரும்புச்சத்து மாத்திரை சாப்பிடுகிறார், ஏறவே இல்லையே?

ஏறவில்லை என்பதே பெரிய சேதி அக்கா. முதலில் ஃபெரிட்டின் (உடம்பில் சேமித்திருக்கும் இரும்பைக் காட்டும் சோதனை) பார்த்தார்களா என்று கேளுங்கள், உடம்பில் இரும்பு போதுமான அளவு இருந்தால் மாத்திரையால் என்ன பயன்? அப்புறம் ரிப்போர்ட்டில் ஹீமோகுளோபினை மட்டும் பார்க்காமல் வெள்ளை அணு, பிளேட்லெட் இரண்டையும் சேர்த்துப் பாருங்கள். ஒன்றுக்கு மேல் குறைந்து, எம்.சி.வி.யும் (சிவப்பணுவின் சராசரி அளவு) 100-ஐத் தாண்டியிருந்தால் சந்தேகம் மஜ்ஜைப் பக்கம் போகும். அதற்காக உடனே பயப்பட வேண்டாம். பி12, ஃபோலேட் குறைந்தாலும் இதே மாதிரிதான் தெரியும், பால்கூடத் தொடாத சைவக்காரர்களுக்கு பி12 குறைவது நடக்கக் கூடியது, ஊசி போட்டால் சரியாகிவிடும். முதலில் அதைப் பார்க்கச் சொல்லுங்கள்.

ஏப்ளாஸ்டிக் அனீமியா, எம்.டி.எஸ். (மைலோடிஸ்பிளாஸ்டிக் சிண்ட்ரோம்) என்ற மஜ்ஜை நோய்கள் இரண்டும் ஒன்றா அண்ணே?

இல்லை. ஏப்ளாஸ்டிக்கில் மஜ்ஜை காலியாகி, அந்த இடத்தில் கொழுப்பு நிறைந்திருக்கும். பெரும்பாலும் நம் உடம்பின் எதிர்ப்பு அணுக்களே ரத்த அணுக்களைப் பிறப்பிக்கும் மூலச்செல்களைத் தாக்குவதுதான் காரணம், இளம் வயதிலும் வரும். எம்.டி.எஸ். அநேகமாக வயதானவர்களுக்கு வருவது. அதில் மஜ்ஜை பல பேருக்கு நிறைந்தேதான் இருக்கும். ஆனால் மரபணு கெட்ட மூலச்செல்லில் பிறக்கும் அணுக்கள் சரியாக முதிராமல் உள்ளேயே செத்துப் போகும், வெளியே ரத்தத்துக்கு வருவது கொஞ்சம்தான். வருகிற வெள்ளை அணுவும் ஒழுங்காக இருக்காது. மைக்ரோஸ்கோப்பில் வைத்தால், நியூட்ரோஃபில் என்ற வெள்ளை அணுவின் கரு மூன்று நான்கு மடலாகப் பிரியாமல் மூக்குக்கண்ணாடி மாதிரி இரண்டே வட்டமாக நிற்கும், உள்ளே இருக்க வேண்டிய துகள்களும் வெளுத்திருக்கும். முதிராத பிளாஸ்ட் செல்கள் 20 விழுக்காட்டைத் தொட்டால் பொதுவாக அதை ரத்தப் புற்றுநோய் என்றே கணக்கிடுவார்கள்.

பட்டர்வொர்த் தம்பி: டெங்கியிலும் பிளேட்லெட் இறங்குகிறதே?

இறங்கும், காய்ச்சல் விட்டதும் சில நாளில் தானாக ஏறியும் விடும். வாரக்கணக்கில் ஏறாமலே கிடந்தால் ரத்தநோய் மருத்துவரைப் பாருங்கள். பப்பாளி இலைச்சாற்றால் மஜ்ஜை சரியாகாது, அதை நம்பி நாளைக் கடத்த வேண்டாம்.

சோதனைக்கு முதுகுத்தண்டில் ஊசி போட்டா மஜ்ஜை எடுப்பார்கள்?

இல்லவே இல்லை. இடுப்பெலும்பின் பின்பக்கம், மரத்துப் போக ஊசி போட்டுத்தான் எடுப்பார்கள். உறிஞ்சும் அந்தச் சில நொடி சுரீரென்று இழுக்கும், அது உண்மை.

அம்மாவுக்கு எம்.டி.எஸ்., மாதாமாதம் இரண்டு பை ரத்தம் ஏற்றுகிறோம். இப்படியே போகலாமா?

போகிறவர்கள் இருக்கிறார்கள், ஆனால் இரும்பைக் கவனிக்க வேண்டும். ஒரு பையில் 200 முதல் 250 மில்லிகிராம் இரும்பு, உடம்பு வெளியேற்றுவதோ நாளுக்கு 1, 2 மில்லிகிராம். மிச்சம் கல்லீரலிலும் இதயத்திலும் படியும். அதை இறக்க டெஃபெராசிராக்ஸ் போன்ற மாத்திரை உண்டு, தேவையா என்று கேளுங்கள். சிவப்பணு உற்பத்தியைத் தூண்டும் இ.பி.ஓ. ஊசி, அசாசிட்டிடின் என்ற மருந்து எல்லாம் எந்த வகை எம்.டி.எஸ். என்பதைப் பொறுத்தது.

கூடப் பிறந்தவர் மஜ்ஜை கொடுத்தால் குணமாகுமா?

எம்.டி.எஸ்.ஸை அடியோடு குணமாக்க இன்றைக்கு இருக்கும் வழி மூலச்செல் மாற்று ஒன்றுதான். கூடப் பிறந்த ஒவ்வொருவரின் திசு வகையும் முழுதாகப் பொருந்த நான்கில் ஒரு வாய்ப்பு. பாதி பொருந்தினாலும் இப்போது செய்கிறார்கள். ஆனால் சிகிச்சை கடுமையானது, வயதும் உடல்நிலையும் பார்த்துத்தான் முடிவெடுப்பார்கள். நம் அரசு மருத்துவமனைகளில் இதற்குப் பெரிய இடம் அம்பாங் மருத்துவமனை.

வீட்டில் எதற்குப் பயப்பட வேண்டும்?

காய்ச்சலுக்கு. வெள்ளை அணு குறைந்தவருக்கு 38 டிகிரி தொட்டால் பனடோல் போட்டுப் படுக்க வைக்காதீர்கள், நள்ளிரவானாலும் அவசரப் பிரிவுக்குப் போய், பதிவு செய்யும்போதே "வெள்ளை அணு குறைவு" என்று சொல்லுங்கள். பிளேட்லெட் குறைந்தவர் மருத்துவரைக் கேட்காமல் ஆஸ்பிரின் தொடக் கூடாது.