அலுவலகத்துக்கு சைக்கிளில் போனால் சராசரி வேகம் எவ்வளவு வரும்? எனக்கு 15-ஐத் தாண்ட மாட்டேன் என்கிறது, இது ரொம்பக் குறைவா?

குறைவே இல்லை. வீட்டு வாசலில் ஏறி அலுவலக வாசலில் இறங்கும் வரைக்குமான மொத்த நேரத்தை வைத்துக் கணக்குப் போட்டால், ஊருக்குள் ஓட்டுகிற சாதாரண ஆட்களுக்கு மணிக்கு 14-லிருந்து 20 கி.மீ.க்குள்தான் வரும். சிக்னல் குறைந்த சமதளச் சாலை, காற்று நிறைந்த டயர், பழகிய கால் எல்லாம் கூடி வந்தால் 22, 23. அதற்கு மேலே சொல்கிறவர்களும் இருக்கிறார்கள். அந்தக் கூட்டத்தோடு சேர்ந்து கொஞ்சம் அளந்துவிட்டவன்தான் நானும், அதுவும் இரண்டு வருடம். அதனால்தான் இந்தக் கேள்வியைப் பார்த்ததும் கையில் இருந்த வேலையை வைத்துவிட்டு எழுத உட்கார்ந்தேன்.

உங்களுக்கு என்ன நடந்திருக்கும் என்று ஓரளவு ஊகிக்க முடிகிறது. ஓட்ட ஆரம்பித்து இரண்டு மூன்று மாதம் ஆகியிருக்கும். போனில் ஒரு ஆப் போட்டிருப்பீர்கள். யாரோ ஒருவர் "நான் 25-க்குக் குறைஞ்சு போறதே இல்ல" என்று சொல்லியிருப்பார். அன்று ராத்திரி உங்கள் 14.8-ஐத் திரும்பத் திரும்பப் பார்த்திருப்பீர்கள். அவர் பொய் சொல்கிறார் என்று நான் சொல்ல வரவில்லை. எதை அளந்து சொல்கிறார் என்று ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்கள்.

என் வண்டி ஹேண்டிலில் ஒரு சின்ன மீட்டர் உண்டு. ஜிபிஎஸ் எல்லாம் கிடையாது, பழைய ரகம். முன்சக்கர ஸ்போக்கில் ஒரு காந்தம், அந்தச் சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க்கில் ஒரு சென்சார். காந்தம் ஒரு தடவை கடந்தால் சக்கரம் ஒரு சுற்று சுற்றியது என்று எண்ணிக்கொள்ளும், அதை நாம் உள்ளே பதிந்து வைத்த சுற்றளவால் பெருக்கித் தூரத்தைக் காட்டும். வேறொன்றும் அதற்குத் தெரியாது. தினமும் காலையில் அலுவலக வாசலில் அது எனக்குக் காட்டிய சராசரி 22-க்கு மேல். 22.4, 22.1, எதிர்காற்று இல்லாத நாளில் 23.

அந்த எண்ணை எனக்குள் வைத்துக்கொள்ளும் அடக்கம் இருந்திருந்தால் இந்தக் கதையே இல்லை. லிஃப்டில் யாராவது "சைக்கிள்லயா வர்றீங்க?" என்று கேட்டால் போதும். தூரம், நேரம், சராசரி மூன்றையும் ஒப்பித்த பிறகுதான் விடுவேன். இப்போது நினைத்தால் கூச்சமாக இருக்கிறது.

எங்கள் கணக்குப் பிரிவில் ஒரு மேடம் இருந்தார். ஓய்வு பெற அப்போது மூன்று வருடம் பாக்கி. அவரும் சைக்கிள்தான். கியர் இல்லாத, நிமிர்ந்து உட்கார்ந்து ஓட்டுகிற வண்டி, கேரியரில் பை. கடைசி நாலு கி.மீ. எங்கள் இருவருக்கும் ஒரே சாலை. தினமும் அவரை எங்காவது ஓரிடத்தில் முந்துவேன். முந்தும்போது ஒரு மணி அடிப்பேன், அதில் மரியாதையும் இருக்கும், கொஞ்சம் திமிரும் இருக்கும். அடுத்த சிக்னலில் ஒரு காலைத் தரையில் ஊன்றி நான் மூச்சு வாங்கிக்கொண்டு நிற்கையில், அவர் நிதானமாக வந்து பக்கத்தில் நிற்பார். பல நாள் நிற்கக்கூட மாட்டார். அவர் வந்து சேரவும் பச்சை விழவும் சரியாக இருக்கும், அப்படியே மிதித்துக்கொண்டு போய்விடுவார். நின்ற வண்டியை முதலிலிருந்து தள்ளிக் கிளப்ப வேண்டியவன் நான்.

ஒரு நாள் லிஃப்டில் வழக்கம்போல யாருக்கோ 22.4 புராணம் பாடிக்கொண்டிருந்தேன். மேடம் பின்னால் நிற்பதைக் கவனிக்கவில்லை.

"தம்பி, நீங்க 22-ல வர்றீங்க. நான் 15 கூட இருக்க மாட்டேன். அப்புறம் எப்படி தினமும் ஒரே லிஃப்ட்ல ஏறுறோம்?"

கிண்டல் இல்லை. வரவும் செலவும் ஒத்துப்போகாத ஏட்டைப் பார்க்கிற முகம் அது. உள்ளே இருந்த மற்றவர்கள்தான் சிரித்தார்கள்.

அன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாக முன்சக்கரத்தில் வால்வுக்கு நேரே டயரில் சுண்ணக்கட்டியால் ஒரு கோடு போட்டேன். தரையில் அதற்கு நேராக இன்னொன்று. சீட்டில் உட்கார்ந்தபடியே சுவரைப் பிடித்துக்கொண்டு வண்டியை உருட்டினேன். இதைச் சீட்டில் உட்கார்ந்துதான் செய்ய வேண்டும், ஆள் கனத்தில் டயர் அமுங்குவதும் கணக்கில் வர வேண்டும் இல்லையா. வால்வு ஒரு சுற்று சுற்றி மறுபடி அடியில் வந்த இடத்தில் மூன்றாவது கோடு. டேப் வைத்தால் இரண்டு மீட்டர் இரண்டு சென்டிமீட்டர். மீட்டருக்குள் போய்ப் பார்த்தால் 2,180 மில்லிமீட்டர் என்று உட்கார்ந்திருக்கிறது. அது 700-க்கு 38 என்று டயரில் அச்சடித்திருக்குமே, அந்தப் பெரிய சக்கரத்தின் அளவு. என்னுடையது 26 அங்குலம். வாங்கி மாட்டிய அன்று பட்டனை அழுத்திக்கொண்டே போய் ஏதோ ஓரிடத்தில் விட்டிருக்கிறேன். சுற்றுக்கு 16 சென்டிமீட்டர் வீதம் இரண்டு வருடமாக எனக்கு இனாம் கிடைத்திருக்கிறது. நூற்றுக்குக் கிட்டத்தட்ட எட்டு. 10.4 கி.மீ. என்று நான் சொல்லிக்கொண்டிருந்த வழி உண்மையில் 9.6 கி.மீ.

அதோடு முடிந்திருந்தால் 22.4 போய் 20.8 ஆகியிருக்கும், தாங்கிக்கொள்ளலாம். மறுநாள் கைக்கடிகாரத்தையும் பார்த்து ஓட்டினேன். அலுவலக வாசலில் மீட்டர் சொன்ன ஓட்ட நேரம் 27 நிமிடம் 40 வினாடி. கைக்கடிகாரம் சொன்னது 36 நிமிடம். சக்கரம் நின்றால் மீட்டரின் கடிகாரமும் கூடவே நின்றுவிடும். சிவப்பு விளக்கில் நான் நின்ற எட்டு நிமிடச் சொச்சம் என் வாழ்க்கையில்தான் கழிந்தது, மீட்டரின் வாழ்க்கையில் கழியவில்லை. 9.6 கி.மீ., 36 நிமிடம். நீங்களே வகுத்துப் பாருங்கள், சரியாக 16. மேடம் வந்துகொண்டிருந்ததும் ஏறக்குறைய அதே வேகம்தான்.

போன் ஆப்களிலும் இதே கூத்து உண்டு. நின்றால் தானாக நிறுத்திக்கொள்ளும் வசதியைப் பெரும்பாலும் போட்டே வைத்திருப்பார்கள். ஒரே பயணத்துக்கு ஓட்டச் சராசரி, மொத்தச் சராசரி என்று இரண்டு எண் வரும். சொல்லிக்கொள்ள வரும்போது எல்லோரும் பெரியதைத்தான் எடுப்பார்கள். நான் எடுத்தேன்.

சராசரி விஷயத்தில் மனசு ஒப்புக்கொள்ளாத இன்னொரு கணக்கும் உண்டு. ஐந்து கி.மீ. நெரிசலில் 10-ல் ஊர்ந்து, மீதி ஐந்தைக் காலியான சாலையில் 30-ல் பறந்தால் சராசரி 20 என்றுதான் தோன்றும். வராது. முதல் பாதிக்கு 30 நிமிடம், இரண்டாம் பாதிக்கு 10, ஆகப் பத்து கி.மீ.க்கு 40 நிமிடம். மணிக்கு 15. மெதுவான இடத்தில்தான் நேரம் அதிகம் போகிறது என்பதால் அந்த வேகம்தான் சராசரியைப் பிடித்து இழுக்கும். 30-ல் பறந்த பெருமை பறந்ததோடு சரி.

சரி, இன்னும் அழுத்தி மிதித்தால் என்ன என்று கேட்பீர்கள். நானும் மூன்று வாரம் வீம்புக்கு மிதித்துப் பார்த்தேன். காற்றின் எதிர்ப்பு விசை வேகத்தின் வர்க்கமாக ஏறும், அதைத் தள்ள வேண்டிய திறன் வேகத்தின் முப்படியாக, அதாவது வேகத்தை மூன்று தடவை வைத்துப் பெருக்கினாற்போல, ஏறும். 20-லிருந்து 25-க்குப் போக, காற்றுக்கு மட்டும் கால் கொடுக்க வேண்டியது கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. 30-க்குப் போக மூன்று மடங்குக்கும் மேல். எதிர்க்காற்று 10 கி.மீ. வேகத்தில் அடித்தால், நீங்கள் 20-ல் போனாலும் உடம்பில் மோதும் காற்றின் விசை 30-ல் போகும்போது இருப்பது மாதிரிதான். இவ்வளவு பாடுபட்டு ஓட்டச் சராசரியை 25 ஆக்கினாலும் என் வழியில் மிச்சமாவது நாலரை நிமிடம், அதிலும் பாதியை அடுத்த சிக்னல் வாங்கிக்கொள்ளும்.

வியர்வை வேறு. பெடலுக்கு ஒரு பங்கு சக்தி போனால் குறைந்தது மூன்று பங்கு உடம்பில் சூடாகத் தங்குகிறது. ஓட்டும் வரை எதிரே வரும் காற்று ஆற்றிக்கொண்டே இருக்கும், ஒன்றும் தெரியாது. இறங்கிப் பூட்டுக்குச் சாவி தேடும் அந்த ஒரு நிமிடத்தில்தான் முதுகெல்லாம் ஊற்றும். அந்த மூன்று வாரமும் சட்டை மாற்றி, முகம் கழுவி இடத்தில் போய் உட்கார எனக்குப் பத்துப் பதினைந்து நிமிடம் ஆனது. சாலையில் பிடித்த இரண்டு நிமிடத்தைக் குழாயடியில் தொலைத்தேன்.

இதைப் படித்துவிட்டு ஒருவர் கீழே வந்து "தினமும் சராசரி 30, வாசலுக்கு வாசல்" என்று எழுதத்தான் போகிறார். ஐயா, நம்புகிறேன். உங்களுக்குப் பந்தய சைக்கிள், குனிந்த முதுகு, நிற்காத சாலை எல்லாம் வாய்த்திருக்கலாம். எனக்கு 46 வயது, முதுகில் மடிக்கணினி. இத்தாலிய சைக்கிள் பந்தய வீரர் ஃபிலிப்போ கன்னா 2022-ல் ஒரு மணி நேரத்தில் 56.792 கி.மீ. ஓட்டி உலக சாதனை வைத்தார். உள்ளரங்க ஓடுதளத்தில் வைத்தார், வழியில் ஒரு சிக்னல் கிடையாது, போய்ச் சேர்ந்ததும் யாருக்கும் அறிக்கை அனுப்ப வேண்டியதும் இல்லை. சிவப்பில் நிற்காமல் நுழைந்து போய்ச் சராசரியை ஏற்றுகிறவர்களும் உண்டு. அவர்களுக்கு இந்தப் பதில் இல்லை.

சைக்கிளுக்குப் பேர்போன கோபன்ஹேகனிலேயே சராசரி 16-ஐ ஒட்டித்தான் வருகிறது. அங்கே நோரப்ரோ சாலையில் 20 கி.மீ. வேகத்தில் சீராகப் போனால் சிக்னல் வரிசையாகப் பச்சையாக விழும்படி நேரம் வைத்திருக்கிறார்கள். 30-க்கு வைக்கவில்லை பாருங்கள். ஐரோப்பிய ஒன்றியத்தின் மின்சார சைக்கிள் விதியிலும் 250 வாட் மோட்டார் 25-ஐத் தொட்டதும் உதவியை நிறுத்திவிட வேண்டும்.

உண்மையாகவே வேகம் கூட வேண்டுமென்றால் காலை விட்டுவிட்டு வண்டியைப் பாருங்கள். டயரில் காற்று குறைந்திருந்தால் சேற்றில் ஓட்டுவது போலத்தான். வாரத்துக்கு ஒரு முறை அடியுங்கள். செயின் கிறீச்சிட்டால் துடைத்து எண்ணெய் விடுங்கள். பெடல் அடியில் இருக்கும்போது முழங்கால் லேசாகத்தான் மடங்கியிருக்க வேண்டும். நிறையப் பேர் சீட்டைத் தாழ்த்தி வைத்துக்கொண்டு தொடை வலிக்கிறது என்பார்கள். அதைவிடப் பெரிய மாற்றம் வழியை மாற்றுவது. எனக்கு முக்கால் கி.மீ. சுற்றான ஒரு பின்சாலை கிடைத்தது, நாலு சிக்னல் குறைந்தது. தூரம் கூடி, நேரம் மூன்று நிமிடம் குறைந்தது.

இன்னொன்று, கேள்விக்குச் சம்பந்தம் இல்லைதான், ஆனாலும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. என் மொத்தப் பயணத்தில் மிக மெதுவான பகுதி அலுவலக வாசலுக்கும் என் நாற்காலிக்கும் நடுவே இருக்கிறது. ஒன்பது நிமிடம். சைக்கிள் நிறுத்தும் இடம் கட்டடத்தின் பின்பக்கம், ஜெனரேட்டருக்கு அடுத்து. அங்கே நிறுத்தவும் அனுமதிச் சீட்டு வேண்டும். அதற்கான படிவத்தில் வண்டிப் பதிவு எண் கட்டாயம். சைக்கிளுக்கு ஏது பதிவு எண்? காலியாக விட்டால் படிவம் நகராது. நான் எல்லாம் பூஜ்ஜியமாகப் போட்டேன், வாங்கிக்கொண்டது. அடுத்த வாரம் மேடம் அதே போலப் போட, "இந்த எண்ணில் ஏற்கெனவே ஒரு வாகனம் உள்ளது" என்று திருப்பி அனுப்பிவிட்டது. மூன்று மின்னஞ்சல் எழுதினேன். மூன்றுக்கும் "உங்கள் கோரிக்கை பரிசீலனையில் உள்ளது" என்றுதான் பதில். கடைசியில் மேடம் தன் பணியாளர் எண்ணையே வண்டி எண்ணாகப் போட்டு வாங்கினார். ஓய்வு பெறும் வரை அந்த நிறுவனத்தின் ஏட்டில் அவரே ஒரு வாகனம். கார்களுக்கு மட்டும் முன்வாசலிலேயே கூரை போட்ட இடம், அதை நினைத்தால் இன்னும் எரிகிறது. சரி, விடுங்கள்.

15 என்று கேட்டீர்கள். அது நிற்கிற நேரமும் சேர்ந்த எண் என்றால் கூட்டமான ஊரில் நல்ல வேகம். நிற்கிற நேரம் சேராத எண் என்றால் டயரில் காற்றைப் பாருங்கள், டயர் சரியென்றால் அதுவும் பரவாயில்லை, பழகப் பழகத் தானாக இரண்டு மூன்று கூடும்.

மேடம் அந்தக் கேள்வியைக் கேட்பதற்கு ஒரு வாரம் முன்னால்தான் என் மீட்டர் 5,000 கி.மீ.யைத் தொட்டது. படம் எடுத்து நாலு பேருக்கு அனுப்பி வாழ்த்தும் வாங்கியிருந்தேன். சுற்றளவைத் திருத்திய பிறகு கணக்குப் போட்டால் அது 4,633 தான். மீதி 367 கி.மீ.யை ஓட்ட மொத்தம் 19 வேலை நாள் ஆனது. நிஜமான 5,000 ஒரு சிவப்பு விளக்கை நெருங்கும்போது வந்தது. மேடம் வந்து பக்கத்தில் நின்றார். சொன்னேன். "இது தணிக்கை செஞ்ச கணக்கா?" என்று கேட்டுவிட்டு, பச்சை விழுந்ததும் எனக்கு முன்னால் கிளம்பிப் போய்விட்டார்.