சைக்கிள் பந்தய அணிகளில் வீரர்களுக்குச் சம்பளம் ஏன் நின்றுபோகிறது?

பிரான்ஸில் மூன்று வாரம் நடக்கிற பெரிய பந்தயமான டூர் டி பிரான்ஸ் வரை போகிற அணிகளிலேயே சம்பளம் பாக்கி, அணியையே கலைத்துவிட்டார்கள் என்றெல்லாம் செய்தி வருகிறதே, அவ்வளவு பெரிய விளையாட்டில் பணம் எங்கே போகிறது என்று கேட்டிருக்கிறீர்கள்.

நான் நிபுணன் எல்லாம் இல்லைங்க. திருப்பூரில் பாலியெஸ்டர் துணிக்கு சப்ளிமேஷன் பிரிண்ட் ஜாப் ஒர்க் செய்கிறேன். ஞாயிற்றுக்கிழமை விடிவதற்கு முன்னால் கிளம்பி, அவினாசி தாண்டி அன்னூர் வரைக்கும் மிதித்துவிட்டு வருகிற கூட்டத்தில் ஒருவன். ஆனால் இந்த விஷயம் எங்கள் ஊர்க்காரனுக்குச் சட்டென்று புரியும். சரக்கு வாங்குகிற ஒரே பையரை நம்பி ஓடுகிற பனியன் கம்பெனி எப்படியோ, சைக்கிள் அணியும் அப்படித்தான்.

ஐபிஎல் அணி என்றால் டிக்கெட் காசு வரும், ஒளிபரப்புப் பணத்தில் பங்கு வரும். சட்டையில் பேர் போட்டிருக்கிற விளம்பரதாரர் போனாலும் சென்னை அணி சென்னை அணியாகவே இருக்கும். சைக்கிள் பந்தயம் நடப்பதோ ரோட்டில். வேலியோரம் நின்று பார்க்கிறவனிடம் யார் டிக்கெட் கேட்பது? டிவி பணம் பந்தயம் நடத்துகிறவர்களுக்குப் போகிறது. டூரை நடத்துகிற ஏ.எஸ்.ஓ. நிறுவனம் அதை அணிகளோடு பங்கிட்டுக்கொள்வதில்லை என்பது பல வருடச் சண்டை. சரி, பரிசுப் பணம்? மூன்று வாரம் மிதித்து டூரை ஜெயித்தால் 5 லட்சம் யூரோ, ஒரு ஸ்டேஜ், அதாவது ஒரு நாள் ஓட்டம், ஜெயித்தால் 11,000 யூரோ. அதையும் கூட ஓடியவர்களோடு பிரித்துக்கொள்வது வழக்கம். முப்பது வீரர்கள், மெக்கானிக்குகள், மசாஜ் செய்கிறவர்கள், பஸ், லாரி என்று ஓடுகிற ஒரு அணிக்கு இது டீசல் காசுதான். மீதி எல்லாம் ஸ்பான்சர் கொடுத்தால் உண்டு.

அதனால்தான் அணியின் பேரே ஸ்பான்சரின் பேராக இருக்கிறது. 2012 அக்டோபரில், அமெரிக்க வீரர் லான்ஸ் ஆம்ஸ்ட்ராங் ஊக்கமருந்து எடுத்தார் என்ற அறிக்கை வெளியான கையோடு, ராபோபேங்க் என்ற டச்சு வங்கி விலகியது. அடுத்த வருடம் அந்த அணி 'பிளாங்கோ' என்ற பேரில் ஓடியது. வெற்று என்று அர்த்தம்! ஆனால் வங்கி நாணயமாக நடந்துகொண்டது. பேர் வேண்டாம் என்று சொல்லிவிட்டு 2013-க்கான பணத்தைக் கொடுத்தது. அந்த ஒரு வருட மூச்சில்தான் அணி பிழைத்து, இன்று விஸ்மா என்ற பேரில் ஓடுகிறது.

எல்லாருக்கும் அந்த யோகம் இல்லை. சிசிசி என்பது போலந்து நாட்டுச் செருப்புக் கம்பெனி. 2019-ல் ஒரு பெரிய அணிக்கு முதன்மை ஸ்பான்சராக வந்தது. 2020 மார்ச்சில் கடைகளுக்குப் பூட்டு விழுந்ததும் வீரர்கள் சம்பளத்தில் பெரிய வெட்டு, வருடக் கடைசியில் அணியே இல்லை. அதே மார்ச்சில் எங்கள் ஊரில் டேப் ஒட்டி அடுக்கின பெட்டிகளைப் பார்த்துக்கொண்டு, "ஹோல்ட்" என்று பையரிடமிருந்து ஒரே வார்த்தையில் வந்த மெயிலைத் திரும்பத் திரும்பப் படித்தவர்கள் எத்தனை பேர்!

பெண்கள் நிலைமை இன்னும் மோசம். பிரான்ஸ் வீராங்கனை ஆட்ரி கோர்டோன்-ராகோ 2023-க்கு பி அண்ட் பி ஹோட்டல்ஸ் அணியில் சேர இருந்தார். ஸ்பான்சர் கிடைக்காமல் 2022 டிசம்பரில் அந்த அணி கலைந்தது. ஸாஃப் என்ற அணிக்குப் போனார். அங்கே சம்பளம் வரவில்லை. சில மாதத்தில் மூன்றாவதாக ஒரு அணி. இத்தனைக்கும் அவர் முந்தைய செப்டம்பரில்தான் பக்கவாதம் வந்து தேறியிருந்தார்.

விதி இல்லாமல் இல்லை. உலக சைக்கிள் சங்கமான யு.சி.ஐ., சில மாதச் சம்பளத்துக்கு ஈடாக வங்கி உத்தரவாதம் கட்டச் சொல்கிறது. பெரிய அணிகளுக்குக் குறைந்தபட்சச் சம்பளமும் வைத்திருக்கிறது. ஆனால் அந்த உத்தரவாதம் முதலுதவிப் பெட்டி மாதிரி. சீசன் நடுவில் பையர் கைவிட்டால் சில மாதம் தள்ளலாம், வருடத்தைத் தள்ள முடியாது.

எனக்குப் பிடித்த கதை 2009 மே மாத ஜிரோ டி இத்தாலியா, டூர் மாதிரியே இத்தாலியில் நடக்கிற மூன்று வாரப் பந்தயம். கஜகஸ்தான் அரசுக் கம்பெனிகளின் பணத்தில் ஓடிய அஸ்தானா அணிக்குச் சம்பளம் தாமதம். ஆம்ஸ்ட்ராங் உட்பட பெரும்பாலான வீரர்கள் ஒருநாள் ஸ்பான்சர் பேர்கள் மங்கிப்போன ஜெர்சியில் வந்து நின்றார்கள். உலகமே போராட்டத்தைப் பார்த்தது, நான் துணியைப் பார்த்தேன். சப்ளிமேஷனில் கலர் ஏறத்தாழ 200 டிகிரி சூட்டில் ஆவியாகி நூலுக்குள்ளேயே போய்விடும். துவைத்தால் போகாது, சுரண்டினால் வராது. பேரை மங்கலாக்க வேண்டுமென்றால் மங்கலாகவே புதிதாக அடித்தாக வேண்டும். சம்பளம் வராத அணிக்கு அந்த பிரிண்ட் பில்லை யார் கட்டியிருப்பார்கள் என்று இன்னமும் யோசிப்பேன்.

ஏனென்றால் எனக்கு ஒரு பில் வரவே இல்லை. எங்கள் பக்கத்தில் நாலு பையன்களைச் சேர்த்து ஒரு ரேஸ் குழு ஆரம்பித்தார்கள். சைட்டு போட்டு விற்கிற ஒருவர் ஸ்பான்சர். பையன்களுக்கு மாதம் ஆளுக்குப் பத்தாயிரம், எனக்கு நாற்பது ஜெர்சி ஆர்டர். நெஞ்சு, முதுகு, இரண்டு தோள் என்று அவர் பேர்தான். மூன்றாம் மாதம் பணம் நின்றது. போன் எடுப்பதும் நின்றது. எங்கள் ஊரில் சனிக்கிழமை சம்பளம் தவறினால் திங்கள்கிழமை டெய்லர் பக்கத்துக் கம்பெனி மெஷினில் உட்கார்ந்திருப்பார். இந்தப் பையன்களுக்குப் பக்கத்துக் கம்பெனி ஏது? ஒருத்தன் நல்ல வீல் செட்டை விற்றுக் காலேஜ் பீஸ் கட்டினான்.

காங்கயம் பக்கத்துப் பையன் ஜெர்சியோடு வந்து, "அண்ணா, இந்தப் பேர மட்டும் அழிச்சுக் குடுங்கண்ணா" என்றான்.

"அழியாதுடா தம்பி. நாந்தான் அழியாத மாதிரி அடிச்சுக் குடுத்தேன்."

புதிதாக ஒன்று அடித்துத் தருகிறேன் என்றேன், வாங்க மாட்டேன் என்றுவிட்டான். இப்போதும் ஞாயிற்றுக்கிழமை அதே ஜெர்சியை உள்பக்கம் வெளியே தெரியத் திருப்பிப் போட்டுக்கொண்டுதான் எங்களோடு வருகிறான். முதுகுப் பாக்கெட் மூன்றும் உள்ளே போய்விட்டதால், அவனுடைய வாழைப்பழத்தையும் நான்தான் சுமக்கிறேன்.